ஆடிக்கு வரும் ஃபஸ்லி

கல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாம்பழ விஷயத்தில் ஒரு சின்ன துரதிர்ஷ்டம் உண்டு. கோடை விடுமுறை விட்டதும் பெட்டி படுக்கையுடன் ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். அங்கே பங்கனபள்ளி, இமாம் பசந்த், மல்கோவா என்று ஒரு மாதம் அமர்க்களமாகப் போகிறது. சரியாக அதே ஒரு மாதத்தில்தான் இங்கே வங்காளிகள் உயிரை விடும் ஹிம்சாகர் வந்து, விற்று, தீர்ந்தும் போகிறது. ஜூன் பாதிக்கு மேல் திரும்பி வந்து லேக் மார்க்கெட் பக்கம் போனால் லங்கடா கொஞ்ச நாள் இருக்கும். அதுவும் போன பிறகு, மழை நசநசவென்று பெய்துகொண்டிருக்கும் ஆடி மாதத்தில், கூடையில் பச்சையாக, நீளமாக, சின்னக் குழந்தை தலையளவுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். விலை கேட்டால் கடைக்காரர், "மால்தார் ஃபொஜ்லி, தாதா" என்பார். நமக்கு வாய்த்த வங்காள மாம்பழம் அதுதான்: மால்டாவின் ஃபஸ்லி.

முதல் தடவை நான் வாங்கிப் போனபோது, வந்திருந்த அம்மா தராசுத் தட்டில் வைப்பதுபோலக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது மாம்பழமா, பப்பாளியா?" என்றாள். நியாயமான கேள்வி. அரை கிலோவுக்குக் குறைந்த ஃபஸ்லியை நான் அதிகம் பார்த்ததில்லை. முக்கால் கிலோ சாதாரணம். ஒரு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. நாலு பேர் உள்ள வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழம் போதும்.

பழுத்தாலும் தோல் பச்சைதான், அங்கங்கே லேசாக மஞ்சள் ஓடும். அவ்வளவுதான் அதன் அலங்காரம். செந்தூராவின் சிவப்போ, பங்கனபள்ளியின் தங்க நிறமோ கிடையாது. வாசனையும் அடக்கம், ஹிம்சாகர் மாதிரி வீடு முழுக்க அறிவித்துக்கொண்டு பழுக்காது. ஆனால் கத்தி வைத்தால் தெரியும். உள்ளே கெட்டியான மஞ்சள் சதை, நார் இல்லை என்றே சொல்லலாம். கொட்டை நீளமாக, பழத்தின் அளவுக்குப் பார்த்தால் மெல்லியதாக இருக்கும். அதனால் கொடுத்த காசுக்குச் சதை நிறையவே கிடைக்கும். இனிப்பு உண்டு, திகட்டாது. பின்னால் ஒரு இழை புளிப்பு. நம் ஊர் மல்கோவாவைப் போலத் துண்டு போட்டுச் சாப்பிடவேண்டிய ஜாதி, உறிஞ்சிச் சாப்பிடும் ஜாதி அல்ல.

வங்காளிகளிடம் கேட்டால் ஃபஸ்லியை உச்சியில் வைக்கமாட்டார்கள். முதலிடம் ஹிம்சாகருக்கு, இரண்டாவது லங்கடாவுக்கு. ஃபஸ்லியை "நல்லதுதான், பெரிசு" என்று முடித்துவிடுவார்கள். இதில் ருசி மட்டுமில்லை, பஞ்சாங்கமும் இருக்கிறது என்பது என் கட்சி. இங்கே ஜாமாய் ஷஷ்டி என்று ஒரு பண்டிகை. மாப்பிள்ளைக்கு மாமியார் விருந்து வைக்கும் நாள், நம் தலை தீபாவளி வருடா வருடம் வந்தால் எப்படியோ அப்படி. அது ஜ்யேஷ்ட மாத வளர்பிறை சஷ்டியில் வருகிறது, அதாவது மே கடைசியிலோ ஜூன் முதல் பாதியிலோ. மாப்பிள்ளை தட்டில் ஏறுவது அப்போது பழுத்திருக்கும் ஹிம்சாகர். ஃபஸ்லி வரும்போது மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டிருப்பார்! பண்டிகை இல்லாத மாதத்தில் பழுக்கும் பழத்துக்கு மவுசு எப்படி வரும்?

தாமதமாக வருவதில் வேறு சங்கடங்களும் உண்டு. வங்காளத்தில் ஏப்ரல், மே மாதங்களில் கால்போய்ஷாக்கி என்ற புயற்காற்று மாலை வேளைகளில் திடீரென்று வரும், சில சமயம் ஆலங்கட்டியோடு. ஹிம்சாகர் அதில் தப்பித்துச் சீக்கிரம் பறிக்கப்பட்டுவிடும். ஃபஸ்லியோ அந்தக் கனத்தோடு ஜூலை வரை காம்பில் தொங்கவேண்டும். காற்றில் விழுந்தவை ஊறுகாய்க்கும், கடுகு சேர்த்து அரைக்கும் காசுந்திக்கும் போகின்றன. காற்றுக்குத் தப்பினால் மழை. மழையோடு பழ ஈ. ஈ முட்டையிட்ட பழம் வெளியே பளபளவென்று இருக்கும், நறுக்கினால் உள்ளே புழு. இதற்காகவே இப்போது காய்க்குக் காய் காகித உறை மாட்டும் வழக்கம் வந்திருக்கிறது. இதெல்லாம் போதாதென்று ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும் மரம் வேறு. ஆனாலும் மற்றதெல்லாம் தீர்ந்த பிறகு சந்தையில் தனியாக நிற்கும் பழம் என்பதால் வியாபாரிகள் இதை விடவில்லை. 1929-ல் வெளிவந்த தாகூரின் 'சேஷேர் கபிதா' நாவலில் கதாநாயகன் இலக்கிய ரசனை பற்றிப் பேசும்போது, பருவத்தின் கடைசிப் பழத்துக்கு உதாரணமாக ஃபஸ்லியைத்தான் எடுத்துக்கொள்கிறான். அப்போதே அது கல்கத்தாக்காரர்களின் வாயில் அவ்வளவு புழங்கியிருக்கிறது.

இனி பெயருக்கு வருவோம். ஃபஸ்லி என்றதும் நம்மில் நிலம் நீச்சு வைத்திருப்பவர்களுக்கு "பசலி ஆண்டு" ஞாபகம் வரும். தாசில்தார் ஆபீஸ் காகிதங்களில் பார்த்திருப்பீர்கள், ஜூலை 1-ல் தொடங்கும் வருவாய்க் கணக்கு வருடம். மாம்பழமும் ஜூலையில்தான் வருகிறது, ஆகவே இரண்டும் ஒன்றோ என்று எனக்குக்கூட ஆசையாக இருந்தது. ஆனால் அது வேறு, இது வேறு. பசலி என்பது அறுவடை, விளைச்சல் என்ற பொருளுள்ள 'ஃபஸ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மாம்பழத்தின் பெயரில் இருப்பது அருள், கருணை என்ற பொருளுள்ள இன்னொரு 'ஃபஸ்ல்'. அக்பரின் அபுல் ஃபஸல் பெயரில் இருக்கிறதே, அது. அரபியில் இரண்டுக்கும் நடு எழுத்து வேறு. வங்காளிகள் பழத்தின் பெயரை 'ஜ' போட்டு எழுதுவதே சாட்சி. நம் தமிழில் எழுதினால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

அந்த 'அருள்' எப்படி மாம்பழத்தில் ஏறியது என்பதற்கு மால்டாவில் எல்லோரும் ஒரு கதை சொல்கிறார்கள். பழைய தலைநகரமான கௌடத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் ஒரு வயதான முஸ்லிம் அம்மாள் குடிசை போட்டு வாழ்ந்தாள். முற்றத்தில் ஒரு மாமரம். கலெக்டர் ரேவன்ஷா துரை அந்தப் பக்கம் முகாம் போட்டபோது, அவள் தன் மரத்துப் பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தின்று அசந்துபோன துரை, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். தன் பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து அவள் "ஃபஸ்லி பீபி" என்றாள். பெயர் பழத்துக்கு ஒட்டிக்கொண்டது.

இந்த மாதிரிக் கதைகளை நான் சாதாரணமாக நம்புவதில்லை. துரை கேட்டார், கிழவி சொன்னாள் என்று இந்தியாவில் பாதி ஊர்ப் பெயர்களுக்குக் கதை இருக்கிறது. ஆனால் இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். சிலர் இது 1800-ல் நடந்தது என்கிறார்கள். அது ஆகாது. 1800-ல் மால்டா என்றொரு மாவட்டமே இல்லை. பூர்ணியா, தினாஜ்பூர், ராஜ்ஷாஹி மூன்றிலிருந்தும் பிய்த்து 1813-ல்தான் அதை உண்டாக்கினார்கள். முழு அதிகாரமுள்ள கலெக்டர் வந்தது 1859-ல். ஆனால் ரேவன்ஷா கற்பனை ஆள் இல்லை. ஜான் ஹென்றி ரேவன்ஷா என்ற அந்த ஐ.சி.எஸ். அதிகாரி 1860-களில் மால்டாவில் இருந்தார். கௌடத்தின் மசூதிகள், வாயில்கள், கல்வெட்டுகள் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்தார். அவர் இறந்த பிறகு அவர் மனைவி அதைத் தொகுத்து 1878-ல் லண்டனில் புத்தகமாகக் கொண்டுவந்தார். கௌடத்தின் இடிபாடுகளில் காமிராவைத் தூக்கிக்கொண்டு நாள் கணக்கில் அலைந்த ஒரு கலெக்டர், அங்கே ஒரு குடிசையில் மாம்பழம் வாங்கித் தின்றார் என்பதில் நம்பமுடியாதது ஒன்றுமில்லை. ஆக, கதை உண்மையென்றால் அது 1860-களின் கதை. 1800 என்பது பழத்துக்கு வயது கூட்டிக் காட்டும் ஆசை.

கதையில் எனக்குப் பிடித்த இன்னொரு அம்சம் அந்த ஒற்றை மரம். தாவரவியல்படி அது சரியாகவே இருக்கிறது. வட இந்திய மாமரங்களைக் கொட்டை போட்டு வளர்த்தால் தாய் மரத்தின் ருசி வராது. ஒவ்வொரு கொட்டைக் கன்றும் ஒரு லாட்டரிச் சீட்டு. வங்காளத்தில் அப்படிக் கொட்டையில் முளைத்த மாவை 'குட்டி ஆம்' என்கிறார்கள். லட்சத்தில் ஒரு சீட்டுக்குப் பரிசு விழும். அந்த மரத்திலிருந்து ஒட்டுக் கட்டித்தான் ஜாதி பரவும். இன்று மால்டாவில் நிற்கும் ஃபஸ்லியும், எல்லைக்கு அந்தப் பக்கம் ராஜ்ஷாஹியில் நிற்கும் ஃபஸ்லியும், பீகாரில் நிற்கும் ஃபஸ்லியும் என்றோ ஒரு முற்றத்திலோ வரப்பிலோ தானாக முளைத்த ஒரே மரத்தின் கிளைகள். கிழவியின் பெயர் என்னவாக இருந்தால் என்ன, அப்படி ஒரு மரம் இருந்தே தீரவேண்டும்.

(வடக்கே இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாட்னாவில் 'மால்டா' என்று கேட்டால் ஃபஸ்லி கிடைக்காது. அங்கே மால்டா என்றால் லங்கடா வகை. பாட்னாவின் திகா பகுதியில் விளையும் 'தூதியா மால்டா'வுக்குப் பெரிய பெயர். ஊர் பெயரைக் கடன் கொடுத்துவிட்டு மால்டா ஃபஸ்லியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது.)

எல்லை என்றேனே, அங்கேதான் ஃபஸ்லியின் சரித்திரம் திசை மாறுகிறது. 1947-க்கு முந்தைய மால்டா இன்றைய மால்டாவைவிடப் பெரியது. மகானந்தா ஆற்றின் கீழ்ப்பகுதியில் நவாப்கஞ்ச், ஷிப்கஞ்ச், போலாஹாட், நாச்சோல், கோமஸ்தாபூர் என்ற ஐந்து தாணாக்களும் அதில் சேர்ந்திருந்தன. தாணா என்றால் இங்கே ஒரு காவல் நிலையத்தின் எல்லைக்குட்பட்ட வட்டம். ஷிப்கஞ்சில் உள்ள கான்சாட் இன்றும் வங்கதேசத்தின் மிகப் பெரிய மாம்பழச் சந்தைகளில் ஒன்று. இங்கிலீஷ் பஜார் (மால்டா டவுனுக்கு அதுதான் நிஜப்பெயர், கம்பெனிக்காரனின் பட்டு வியாபாரம் விட்டுப்போன பெயர்) முதல் கான்சாட் வரை ஒரே மாவட்டத்துத் தோப்புகள்.

சர் சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8-ல் டில்லி வந்து இறங்கினார். அதற்கு முன் அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகஸ்ட் 12-க்குள் கோட்டைப் போட்டு முடித்தார். நாள்களைக் கவனியுங்கள்: முழுக்க முழுக்க ஃபஸ்லி பறிக்கும் பருவம். அவர் தீர்ப்பு உடனே வெளியிடப்படவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்த மாவட்டம் என்பதால் தற்காலிகப் பட்டியலில் மால்டா கிழக்கு வங்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஆகவே சுதந்திர நாளன்று மால்டாவை நிர்வகித்தது கிழக்குப் பாகிஸ்தானின் மாஜிஸ்டிரேட். கலெக்டர் ஆபீசில் பறந்தது பாகிஸ்தான் கொடி. 17-ஆம் தேதி தீர்ப்பு வெளியானது. மால்டா இந்தியாவுக்கு, ஆனால் அந்த ஐந்து தாணாக்கள் பாகிஸ்தானுக்கு. மறுநாள் 18-ஆம் தேதி மால்டாவில் இந்தியக் கொடி ஏறியது. இன்றும் அங்கே சிலர் ஆகஸ்ட் 18-ஐ நினைவாகக் கொண்டாடுவதுண்டு.

பிரிந்த ஐந்து தாணாக்கள் ராஜ்ஷாஹி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டன. 1984-ல் அவை நவாப்கஞ்ச் என்ற தனி மாவட்டமாயின. இப்போது பெயர் சாப்பாய்நவாப்கஞ்ச். கௌடமும் இரண்டாகப் போனது. பெரிய சோனா மசூதி இந்தியாவில், சின்ன சோனா மசூதி வங்கதேசத்தில். நடுவில் கோத்வாலி தர்வாஜா என்ற பழைய கோட்டை வாயில் இடிந்து நிற்கிறது, அதை ஒட்டித்தான் எல்லை. வேலை விஷயமாக மால்டா போனபோது ஒருமுறை அதுவரை போய்ப் பார்த்தேன். மஹதிபூரில் சரக்கு லாரிகள் எல்லை தாண்ட வரிசையாக நிற்கின்றன. இரு பக்கமும் மாந்தோப்புதான். எந்த மரம் எந்த நாடு என்று சொல்ல, முள்வேலி இல்லாவிட்டால் வழியில்லை.

வங்காளத்தின் பெரிய சம்பவங்கள் எல்லாம் ஏனோ மாந்தோப்பிலேயே நடக்கின்றன. 1757-ல் பிளாசிப் போரில் கிளைவின் படை ஒதுங்கி நின்றது மாந்தோப்பில். 1971 ஏப்ரல் 17-ல் வங்கதேசத்தின் முதல் அரசாங்கம் பதவி ஏற்றது மெஹர்பூர் பக்கம் ஒரு மாந்தோப்பில். 2010-ல் அவர்கள் மாமரத்தைத் தேசிய மரமாக அறிவித்தார்கள். தேசியப் பழம் மட்டும் நம் பலா! மாம்பழத்தை ஏற்கெனவே இந்தியாவும் பாகிஸ்தானும் எடுத்துக்கொண்டுவிட்டன.

இப்படி அறுபது வருடம் இரண்டு நாட்டிலும் அதனதன் பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருந்த ஃபஸ்லிக்கு 2008-ல் ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. கிடைத்த இடம் எங்கே தெரியுமா? நம் கிண்டி! இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலையாகட்டும், காஞ்சிபுரம் பட்டாகட்டும், எல்லாமே அங்கே வந்துதான் முத்திரை வாங்கவேண்டும். மால்டா மாவட்டத்தில் விளையும் ஃபஸ்லி, ஹிம்சாகர் என்கிற கீர்ஷாபாதி, லக்ஷ்மண்போக் என்ற மூன்று மாம்பழங்களும் 2008-ல் அங்கே பதிவாயின.

டாக்காவில் இது சலசலப்பைக் கிளப்பியது. ஃபஸ்லி மட்டுமில்லை, நக்ஷி காந்தா தையல் துணி, ஜாம்தானி என்று அவர்கள் தங்களுடையது என்று நினைத்தவை ஒவ்வொன்றாக இந்தியப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. (ஜாம்தானி ஆந்திராவின் உப்பாடா பெயரில், 2009-ல்.) அவர்களிடம் அப்போது இதற்குச் சட்டமே கிடையாது. 2013-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் பதிவு 2016-ல் ஜாம்தானிக்கு. 2019-ல் சாப்பாய்நவாப்கஞ்ச் கீர்ஷாபாத் மாம்பழத்துக்கு. மால்டா பதினொரு வருடம் முன்னால் கிண்டியில் பதிந்த அதே ஹிம்சாகர்தான் அது. அடுத்தது ஃபஸ்லியின் முறை.

அங்கேதான் வேடிக்கை. 2021-ல் 'ராஜ்ஷாஹி ஃபஸ்லி' என்று அரசிதழில் அறிவிப்பு வந்தது. உடனே சாப்பாய்நவாப்கஞ்ச்காரர்கள், ஃபஸ்லி எங்களுடையது, ராஜ்ஷாஹிக்கு என்ன உரிமை என்று ஆட்சேபம் கொடுத்தார்கள். ராஜ்ஷாஹி தரப்பு காட்டும் பெருமை பாகா என்ற ஊர். அங்கே 1523-ல் நுஸ்ரத் ஷா கட்டிய மசூதியின் சுடுமண் சிற்பங்களில் மாங்காய்கள் செதுக்கியிருக்கும். மாங்காய் இருந்தது என்பதற்கு அது சாட்சிதான், ஃபஸ்லி இருந்தது என்பதற்கு எப்படிச் சாட்சியாகும்? சிற்பத்தில் எல்லா மாங்காயும் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தச் சண்டையில் என் ஓட்டு நவாப்கஞ்சுக்கு. ஆனால் ஒன்று, அவர்கள் "எங்கள் மண்ணின் பழம்" என்று எடுத்து வைக்கும் வாதம், தோண்டிப் போனால் மால்டாவின் வாதம்தான். ஏனென்றால் 1947 ஆகஸ்ட் வரை அவர்கள் மண்ணும் மால்டா மண்தானே. 2022 மே மாதம் டாக்காவில் விசாரணை நடந்து, 'ராஜ்ஷாஹி-சாப்பாய்நவாப்கஞ்ச் ஃபஸ்லி' என்று இருவருக்கும் பொதுவாகத் தீர்ப்பானது. ராட்கிளிஃப் செய்யாததை அந்த அதிகாரி செய்தார்: குழந்தையை வெட்டாமல் இரண்டு இனிஷியல் போட்டுக் கொடுத்துவிட்டார் :-)

பெயருக்காக இவ்வளவு அடித்துக்கொள்கிறார்களே, அதற்கேற்ப மரம் வைக்கிறார்களா? மால்டாவில் ஒரு தோப்பு வியாபாரியிடம் இதைத்தான் கேட்டேன். பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர், இரண்டு தலைமுறையாக இதே தொழில். "ஃபஸ்லி தாத்தா வைத்த மரம். பேரன் ஆம்ரபாலிதான் வைக்கிறான்" என்றார்.

ஆம்ரபாலி நமக்குச் சொந்தக்காரப் பழம். டில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1971-ல் வெளியிட்ட ஒட்டு ரகம். தாய் லக்னோ பக்கத்துத் தசேரி, தகப்பன் நம் தெற்கத்தி நீலம். ஆமாம், ஜூலையில் சேலம், கிருஷ்ணகிரி பக்கம் கூடை கூடையாக வந்து, "வண்டு இருக்கும், பார்த்து நறுக்கு" என்று நாம் அலட்சியமாகப் பேசும் அதே நீலம். வருடம் தவறாமல் காய்க்கும் குணமும், தாமதமாகப் பழுக்கும் குணமும் நீலத்திடம் இருந்தன. அதற்காகவே அதைக் கலப்புக்கு எடுத்தார்கள். பிறந்த பிள்ளை குட்டை மரம், சின்னப் பழம், நல்ல ஆரஞ்சு நிறச் சதை, தேன் இனிப்பு. வருடா வருடம் காய்க்கும். வங்கதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் இதை 'பாரி ஆம்-3' என்று தன் பெயரில் வெளியிட்டது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபஸ்லி பெரிய மரம், பத்து மீட்டர் இடைவெளி கேட்கும். ஏக்கருக்கு நாற்பது மரம்தான் வைக்க முடியும். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் முழு விளைச்சல். ஆம்ரபாலியை இரண்டரை மீட்டர் இடைவெளியில் அடர்த்தியாக நட்டால் ஏக்கருக்கு அறுநூற்றுச் சொச்சம். கல்கத்தா ஃபிளாட்டில் மூன்று பேர் உள்ள குடும்பம் முக்கால் கிலோ பழத்தை வெட்டி மீதியை ஃபிரிட்ஜில் வைக்கத் தயாரில்லை, ஆளுக்கொரு சின்னப் பழம் போதும் என்கிறது. ஃபஸ்லி தனியாக நின்ற அந்தக் கடைசி மாதத்தில் இப்போது பக்கத்துக் கூடையில் ஆம்ரபாலி உட்கார்ந்திருக்கிறது. வேறு நாடு வந்து ஃபஸ்லியின் பெயரைப் பறித்தாலும் மரம் நிற்கும். ஆம்ரபாலி பறிப்பது இடத்தை. அதுவும் நம் நீலத்தின் பிள்ளை! சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று எனக்கு ஒவ்வொரு ஆடியிலும் குழப்பம்.

ஆம்ரபாலியோடு கங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1975-ல் ஃபராக்கா அணை செயல்படத் தொடங்கிய பிறகு அணைக்கு மேற்புறம் இடது கரையை ஆறு தின்றுகொண்டே வந்திருக்கிறது. மானிக்சக், காலியாசக் பகுதிகளில் கிராமங்களும் பள்ளிக்கூடங்களும் மாந்தோப்புகளும் ஆற்றில் போயின. பஞ்சானந்தபூர் என்று படகுத்துறையோடு இருந்த ஊரின் பெரும்பகுதி இப்போது தண்ணீர். நெல் வயல் போனால் வேறிடத்தில் அடுத்த வருடம் விதைக்கலாம். நூறு வயது ஃபஸ்லித் தோப்பு போனால், அந்த இடத்துக்கு ஈடாக வேறு எங்கே கன்று நட்டாலும் முழுக் காய்ப்புக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அப்படி நடுகிறவர் எந்த ரகத்தை நடுவார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நல்ல சேதியும் கொஞ்சம் இருக்கிறது. பீகாரின் சபோர் வேளாண் கல்லூரியில் ரத்னகிரி அல்ஃபோன்ஸாவையும் ஃபஸ்லியையும் கலந்து 'அல் ஃபஸ்லி' என்று ஒரு ரகம் எடுத்திருக்கிறார்கள். பழைய தோப்புக்காரர்கள் உயரமாக வளர்ந்துவிட்ட கிளைகளை வெட்டி மரத்தைப் புதுப்பித்துக் காய்க்கவைக்கும் முறையும் இருக்கிறது. பழமாக விற்காத ஃபஸ்லி, சாறு பிழிந்து பாயில் ஊற்றிக் காயவைக்கும் ஆம்சத்தாவாக, அதாவது நம் மாந்திராவாக, வருடம் பூராவும் விற்கிறது. கல்கத்தாவில் தக்காளியும் பேரீச்சையும் சேர்த்துச் சட்னி வைக்கும்போது அதைத்தான் துண்டு போட்டுப் போடுகிறார்கள்.

கடைசியாக, இந்த ஆடியில் வாங்கப்போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆகஸ்ட் வந்துவிட்டால் கூடையில் ஆஷ்வினா என்று இன்னொரு பெரிய மாம்பழம் கலந்துவிடும். ஆஸ்வின மாதம் வரை நிற்பதால் அந்தப் பெயர். பார்க்க ஃபஸ்லியின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பச்சை இன்னும் கறுத்த பச்சை, புளிப்பு அதிகம், விலை குறைவு. ஃபஸ்லி என்று சொல்லி அதைத் தலையில் கட்டுவார்கள். பச்சை வெளுத்து மஞ்சள் ஓடத் தொடங்கியதைப் பாருங்கள், காம்புப் பக்கம் மூக்கை வைத்துப் பாருங்கள். தோலில் ஊசி குத்தியதுபோலப் புள்ளியும் அதைச் சுற்றி மெத்தென்ற இடமும் இருந்தால் ஈ உட்கார்ந்த பழம், வேண்டாம். கெட்டியாக இருப்பதை வாங்கி அரிசி டின்னில் போடாமல் செய்தித்தாளில் வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். நிறத்துக்குக் காத்திருக்காதீர்கள், அது பச்சையாகவேதான் பழுக்கும். விரலுக்கு லேசாகக் கொடுத்தால் போதும். ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு, தோலைச் சீவி, கொட்டையை ஒட்டி இரண்டு பக்கமும் நீளவாக்கில் நறுக்கவும். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தால் நறுக்குவதற்கு முன் ஒருதரம் கையில் கொடுங்கள்.